விளையாட்டு உலகம் ஏன் உறைகிறது?

கண்டியில் வீட்டிலிருந்தபடியே மைன்கிராப்ட் விளையாடும் பிள்ளைகளுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. சதுரக் கட்டிகளால் ஆன உலகத்தின் மேலே ஓர் உருவம் சிறகு விரித்துப் பறக்கிறது. கீழே காடும் ஆறும் மலையும் மாறி மாறி வருகின்றன. திடீரென்று நிலம் அறுந்துபோகிறது. முன்னே வெறும் வானம். பறந்த உருவம் இரண்டு விநாடி அந்தரத்தில் நிற்கிறது, பிறகு வந்த வழியே பின்னுக்கு இழுக்கப்படுகிறது. சற்றுமுன் உடைத்த கல் உடையாமல் பழைய இடத்தில் இருக்கிறது. உடனே எழும் குற்றச்சாட்டு எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "லைன் ஸ்லோ". ஹந்தானைக்கும் நக்கிள்ஸுக்கும் இடையில் மலை சூழ்ந்து கிடக்கும் ஊரில் சிக்னலைக் குறை சொல்வது எளிது. ஆனால் இந்த வகை உறைதலுக்குப் பெரும்பாலும் மலையும் காரணமில்லை, கடலடிக் கேபிளும் காரணமில்லை. விளையாட்டை நடத்தும் கணினி, தான் காத்திருக்கக் கூடாத ஒரு வேலைக்காகக் காத்து நிற்பதே காரணம். அதற்கான மருந்து கூடுதல் வேகம் என்பதைவிட, யார் யாருக்காகக் காத்திருப்பது என்ற ஒழுங்கு என்று சொல்வதே பொருந்தும்.

முதலில் தூரத்தைக் கணக்குப் பார்ப்போம். பலர் சேர்ந்து விளையாடும் உலகம், 'சேர்வர்' எனப்படும் வழங்கிக் கணினி ஒன்றில் இயங்குகிறது. அது சிங்கப்பூரில் இருப்பதாக வைத்துக்கொண்டால், கண்டியிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். கொழும்பிலும் மாத்தறையிலும் கரையேறும் கடலடிக் கேபிள்களின் கண்ணாடி இழைகளுக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். போய்வர 5,400 கிலோமீற்றர் என்றால் 27 மில்லிவிநாடி. அதாவது ஒரு விநாடியின் ஆயிரத்தில் 27 பங்கு. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் பல கருவிகளைத் தாண்ட வேண்டும் என்பதையெல்லாம் சேர்த்து இதை மூன்று நான்கு மடங்காக்கினாலும், பத்தில் ஒரு விநாடியை ஒட்டித்தான் வரும். இரண்டு விநாடி உறைதலைத் தூரத்தால் மட்டும் விளக்க வேண்டுமானால் 4 இலட்சம் கிலோமீற்றர் இழை வேண்டும். சந்திரனின் சராசரித் தூரமே 384,400 கிலோமீற்றர்தான்.

தூரம் இல்லாவிட்டால் நெரிசல் இருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மாலையில் எல்லோரும் ஒரே கோபுரத்தைப் பயன்படுத்தும்போது தரவுப் பொதிகள் வரிசையில் தேங்கும், சில தொலைந்தும் போகும்; அதனால் விநாடிக் கணக்கில் தாமதம் ஏற்படுவதுண்டு. இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒருவர் கட்டுகஸ்தோட்டையிலிருந்தும், ஒருவர் பேராதனையிலிருந்தும், ஒருவர் சிங்கப்பூரிலேயே இருந்தும் ஒரே உலகத்தில் விளையாடுகிறார்கள் என்று கொள்வோம். கட்டுகஸ்தோட்டைக்காரர் மட்டும் உறைந்து, மற்ற இருவரும் ஓடித் திரிந்தால் பழுது அவருடைய இணைப்பில். மூவரும் ஒரே கணத்தில் உறைந்தால், மூன்று வேறு வழிகளும் சந்திக்கும் ஒரே இடமான வழங்கியில்தான் பழுது. இதற்கு எழுத்துச் சாட்சியும் உண்டு. மைன்கிராப்டின் ஜாவாப் பதிப்பு வழங்கி, தன் வேலையில் இரண்டு விநாடிக்கு மேல் பின்தங்கினால் தன்னால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று பதிவேட்டில் தானே எழுதிவைக்கும். எத்தனை மில்லிவிநாடி பின்தங்கியது என்பதையும் குறிக்கும்.

அப்படி என்ன வேலை அதை இவ்வளவு நேரம் மறித்துவைக்கிறது? அந்த உலகத்தின் அளவை நினைத்துப் பார்த்தால் விடை தெரியத் தொடங்கும். மைன்கிராப்டில் ஒரு கட்டி ஒரு மீற்றர். உலகம் நடுவிலிருந்து ஒவ்வொரு திசையிலும் 3 கோடி கட்டிகள் வரை நீள்கிறது. இதை முழுவதுமாக நினைவகத்தில் வைத்திருக்க எந்தக் கணினியாலும் முடியாது. ஆகவே நிலம் 16 மீற்றருக்கு 16 மீற்றர் சதுரத் தூண்களாக வெட்டப்படுகிறது. விளையாடுவோர் 'சங்க்' என்று சொல்லும் இதை இங்கே 'துண்டம்' என்று அழைப்போம். 2021இல் வந்த 1.18 பதிப்பிலிருந்து ஒரு துண்டத்தின் உயரம் 384 கட்டிகள். ஆக ஒரு துண்டத்தில் 98,304 கட்டிகளுக்கு இடமுண்டு. கண்டி மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 1,940 சதுர கிலோமீற்றர். அதை அப்படியே அந்த உலகத்தில் கட்டினால் ஏறத்தாழ 76 இலட்சம் துண்டங்கள் தேவைப்படும். ஆனால் ஒரு வீரரைச் சுற்றி எப்போதும் விழித்திருக்க வேண்டியவை மிகச் சில. பார்வை எல்லை வழக்கமான 10 என்றால், நான்கு புறமும் பத்துப் பத்துத் துண்டங்கள். சதுரமாகக் கணக்கிட்டால் 21 பெருக்கல் 21, அதாவது 441 துண்டங்கள், சுமார் 28 ஏக்கர். தலதா மாளிகையின் வாசலில் நிற்பவருக்குக் கண்டி ஏரியின் மறுமுனை தெரியாத அளவு சிறிய வட்டாரம்தான் அது. இருந்தும் அதற்குள் 4 கோடியே 33 இலட்சம் கட்டிகளுக்கு மேல் அடங்கும். வீரர் நகர நகர முன்னால் புதிய துண்டங்கள் ஏற வேண்டும், பின்னால் பழையவை இறங்க வேண்டும். துண்டமேற்றம் என்பது இதுதான்.

இந்த ஏற்றம் எங்கே சிக்குகிறது என்பதை அறிய, வழங்கியின் வேலைமுறையைப் பார்க்க வேண்டும். அது விநாடிக்கு 20 முறை துடிக்கிறது. 'டிக்' எனப்படும் ஒவ்வொரு துடிப்புக்கும் 50 மில்லிவிநாடி. அதற்குள் எல்லா வீரர்களின் அசைவையும், விலங்குகளின் நடமாட்டத்தையும், ஓடும் நீரையும், வளரும் பயிரையும் ஒரு சுற்றுக் கணக்கிட்டு முடிக்க வேண்டும். பெரும்பாலும் இவற்றையெல்லாம் செய்வது 'முதன்மை இழை' என்ற ஒரே வேலைத்தொடர். கண்டி நகரத்தில் மாலை நேரத்தில் கொத்து ரொட்டி போடும் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டைக் கல்லின் முன்னே ஒருவர் நிற்கிறார். அவருடைய இரு தகடுகளின் தாளம் தெருவுக்கே கேட்கிறது. ரொட்டி தீர்ந்ததும் அவரே தாளத்தை நிறுத்திவிட்டுப் பின்கட்டுக்குப் போய், மாவைத் தட்டி, சுட்டு எடுத்துவந்தால் என்ன ஆகும்? ரொட்டி கேட்டவர் மட்டுமா காத்திருப்பார்? முட்டை மட்டும் கேட்டவரும், காசு கொடுத்துவிட்டுப் பொட்டலத்துக்காக நிற்பவரும் சேர்ந்தே காத்திருப்பார்கள். பறக்கும் ஒரு வீரருக்காக முதன்மை இழை சேமிப்பு வட்டிலிருந்து துண்டம் எடுக்கப் போனால், தொலைவில் சும்மா மீன் பிடித்துக்கொண்டிருக்கும் இன்னொரு வீரரும் உறைவது இதனால்தான்.

வட்டிலிருந்து எடுப்பது அவ்வளவு மெதுவான காரியமா? தொடக்க காலத்தில் அப்படித்தான் இருந்தது. அப்போது ஒவ்வொரு துண்டமும் தனித்தனிக் கோப்பாகச் சேமிக்கப்பட்டது. நாம் கற்பனை செய்த கண்டி மாவட்டத்துக்கு 76 இலட்சம் கோப்புகள்! சுழலும் வட்டில் ஒவ்வொரு கோப்பையும் தேடிப்போக வாசிப்பு முனைக்குச் சுமார் 10 மில்லிவிநாடி ஆகும். ஐந்து துண்டம் தேடினால் ஒரு துடிப்பின் நேரம் முழுவதும் தீர்ந்துவிடும். இதற்கு முதலில் வழி கண்டவர் விளையாட்டின் பயனர்களில் ஒருவரே. ஸ்கேவலஸ் என்ற புனைபெயரில் அறியப்பட்டவர். 32க்கு 32 என 1,024 துண்டங்களை ஒரே 'வட்டாரக் கோப்பில்' அடுக்கி, எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைக் கோப்பின் தலையில் வைக்கும் முறையை அவர் உருவாக்கினார். 2011 பெப்ரவரியில் வந்த பீட்டா 1.3 பதிப்பில், விளையாட்டை உருவாக்கிய மொஜாங் நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டது. 2012 மார்ச்சில் அது இன்னும் திருத்தப்பட்டது. 76 இலட்சம் கோப்புகள் ஏறத்தாழ 7,400ஆகக் குறைந்தன. கணினியை மாற்றாமல், அடுக்கும் முறையை மட்டும் மாற்றிப் பெற்ற ஆதாயம் இது.

இன்றைக்குத் திண்மநிலை வட்டுகள் இருக்கும்போது இந்தக் கவலை எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். கோப்பைத் தேடும் நேரம் உண்மையில் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் எடுத்துவருவது முதற்படி மட்டுமே. சுருக்கிக் கட்டப்பட்ட தரவை விரிக்க வேண்டும். அதைக் கட்டிகளாகப் பிரித்து அடுக்க வேண்டும். ஒளியைச் சரிபார்க்க வேண்டும். இதுவரை யாரும் கால் வைக்காத இடமானால் துண்டத்தைப் புதிதாகவே படைக்க வேண்டும். அதற்கு அடிப்படை, கணினி அறிஞர் கென் பெர்லின் 1980களில் உருவாக்கிய 'இரைச்சல்' கணிதத்தின் வழிவந்த முறைகள். ஒரு விதை எண்ணைக் கொடுத்தால் எந்த இடத்திலும் மலை எவ்வளவு உயரம், குகை எங்கே என்று அவை கணக்கிட்டுச் சொல்லும். அதே விதைக்கு அதே பதிப்பில் அதே நிலம்தான் வரும். மேலும் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். நடப்பவர் ஒரு துண்டத்தைக் கடக்க நாலு விநாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். வாணவெடியின் உந்துதலில் சிறகால் பறப்பவர் விநாடிக்கு 30 மீற்றருக்கு மேல் போகிறார். ஏறத்தாழ விநாடிக்கு இரண்டு துண்ட எல்லைகள். ஒவ்வொரு எல்லைக்கும் 21 புதிய துண்டங்கள் வீதம் விநாடிக்கு 42. ஒரு துண்டத்துக்கு 2 மில்லிவிநாடி மட்டுமே ஆகிறது என்று கொண்டாலும், பத்துப் பேர் பத்துத் திசைகளில் பறந்தால் ஒவ்வொரு விநாடியிலும் 840 மில்லிவிநாடி இதற்கே போய்விடும். விளையாட்டை நடத்த மிஞ்சுவது 160.

ஆகவே துண்டத்தைக் கொண்டுவரும் வேலையை முதன்மை இழையிடமிருந்து பிரிக்க வேண்டும். முதன்மை இழை 'இந்தத் துண்டம் வேண்டும்' என்று சீட்டு எழுதிப் போட்டுவிட்டுத் தன் துடிப்பைத் தொடர வேண்டும். வேறு இழைகள் கோப்பைத் திறந்து, விரித்து, படைத்து முடித்தபின் ஆயத்தமான துண்டத்தை அதன் கையில் கொடுக்க வேண்டும். இதைக் 'காத்திராமுறை' எனலாம். பேப்பர் என்ற திறந்தமூல வழங்கி மென்பொருள் இந்த வழியில் நெடுந்தூரம் போனது. மொஜாங்கும் 2019 ஏப்ரலில் வந்த 1.14 பதிப்பில் துண்டங்களை உருவாக்கும் வேலையின் பெரும்பகுதியைத் துணை இழைகளுக்கு மாற்றியது. சொல்வது சுலபம், செய்வது ஏன் கடினம் என்றால், துண்டங்கள் அக்கம்பக்கம் பார்த்து வாழ்பவை. ஓரத்தில் முளைக்கும் மரத்தின் கிளை அடுத்த துண்டத்துக்குள் நீளும். ஒரு விளக்கின் ஒளி பதினான்கு பதினைந்து கட்டி தூரம் பரவி எல்லை கடக்கும். எனவே ஒரு துண்டம் முழுமை பெற வேண்டுமானால் அதன் அயல் துண்டங்கள் குறிப்பிட்ட நிலை வரை முன்னேறியிருக்க வேண்டும். இதனால் படைப்பு வேலை படிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது: கட்டடங்கள் தொடங்கும் இடம், காலநிலை, நில உருவம், மேல்மண், குகை, மரம் செடி, ஒளி. நில உருவத்தை எந்த ஒழுங்கிலும் எத்தனை இழைகளாலும் கணக்கிடலாம். மரம் செடி என்ற படிக்கு வந்ததும் அயலவரைப் பார்த்தே நகர வேண்டும்.

இன்னொரு கண்ணி இதைவிட ஆபத்தானது. ஒரு வீரர் தன் பெட்டியில் வைரங்களை வைத்துவிட்டு ஓடுகிறார். அந்தத் துண்டம் நினைவகத்திலிருந்து இறக்கப்பட்டு, வட்டில் எழுதப்படும் வரிசையில் நிற்கிறது. எழுதி முடிவதற்குள் அவர் திரும்பி ஓடிவருகிறார். வாசிக்கும் இழை வட்டைப் பார்த்தால் அங்கே இருப்பது பழைய படி. பெட்டியில் வைரம் இல்லை. மாறாக, எடுத்த பொருள் பெட்டிக்குள் மறுபடி இருப்பதும் நேரலாம். கையில் ஒன்று, பெட்டியில் ஒன்று. நன்றாக எழுதப்பட்ட மென்பொருள் இதற்கு இரண்டு விதிகளை வைத்திருக்கிறது. வட்டை வாசிக்குமுன் எழுதக் காத்திருக்கும் வரிசையைப் பார். அங்கே இருந்தால் அதையே கொடு. துணை இழைகள் முழுமை பெறாத துண்டத்தின் மீது மட்டும் வேலை செய்யட்டும். முடிந்ததை உலகத்தோடு இணைப்பது முதன்மை இழையின் உரிமை. பின்கட்டிலிருந்து வெந்த ரொட்டி மட்டும்தான் கல்லுக்கு வரலாம் என்பதைப் போன்றது இது. வேகத்துக்காகச் சரியான தன்மையை விட்டுக்கொடுத்தால், உறைதல் போய் இழப்பு வந்து சேரும்.

காத்திராமுறை வந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும்: நூறு சீட்டுகள் ஒன்றாக வந்தால் எதை முதலில் எடுப்பது? வந்த ஒழுங்கில் எடுத்தால் வீரரின் காலடி நிலம் கடைசியில் வரலாம். அருகில் இருப்பதற்கு முன்னுரிமை கொடுப்பதும், வீரர் கடந்துபோய்விட்ட இடத்தின் சீட்டைக் கிழித்துப் போடுவதும், ஒருவர் பறப்பதால் மற்றவர்களின் பங்கு பறிபோகாதபடி ஆளுக்கு ஒரு வரம்பு வைப்பதும் இங்கேதான் தேவைப்படுகின்றன. கண்டி போன்ற ஊரிலிருந்து விளையாடுவோருக்கு முக்கியமான திருத்தம் 2023 செப்டெம்பரில் 1.20.2 பதிப்பில் வந்தது. அதன்படி வழங்கி துண்டங்களைத் தொகுதி தொகுதியாக அனுப்புகிறது. வீரரின் கணினி ஒவ்வொரு தொகுதியையும் ஏற்றுக்கொண்டபின், ஒரு துடிப்புக்கு எத்தனை துண்டங்களைத் தன்னால் தாங்க முடியும் என்று பதில் சொல்கிறது. மெதுவான கணினிக்கு மெதுவாகவும் வேகமான கணினிக்கு வேகமாகவும் அனுப்ப இது வழி செய்கிறது. தேங்கிய துண்டங்களுக்குப் பின்னால் மற்றச் செய்திகள் மாட்டிக்கொள்வதும் குறைகிறது. "லைன் ஸ்லோ" என்ற புகாரில் இருந்த உண்மைக்கும் மருந்து வழங்கியின் ஒழுங்கிலிருந்தே வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

துண்டமேற்றம்தான் குற்றவாளி என்பது எப்படி உறுதியாகத் தெரியும்? மாதிரியெடுக்கும் அளவைக் கருவிகள் இதற்கு உள்ளன. மைன்கிராப்ட் வழங்கிகளுக்கு 'ஸ்பார்க்' பரவலாகப் பயன்படுகிறது. சில மில்லிவிநாடிக்கு ஒருமுறை முதன்மை இழையை எட்டிப் பார்த்து, அந்தக் கணத்தில் அது என்ன செய்கிறது என்று குறித்துக்கொள்வதே அதன் வேலை. பத்தாயிரம் பார்வைகளில் ஆறாயிரத்தில் அது துண்டத்துக்காக நின்றால், நேரத்தில் ஏறத்தாழ 60 வீதம் அங்கே போகிறது. அடுத்தது கட்டுப்பாட்டுச் சோதனை. ஒரே பாதையில் ஒரே வேகத்தில் இருமுறை பறக்க வேண்டும்: ஒருமுறை யாரும் போகாத நிலத்தின் மேல், மறுமுறை ஏற்கனவே படைத்துச் சேமித்த நிலத்தின் மேல். முதலாவதில் மட்டும் உறைந்தால் படைப்புச் செலவே காரணம். பார்வை எல்லையை 10இலிருந்து 5ஆகக் குறைத்தால் 441 துண்டங்கள் 121ஆகும். உறைதலும் அதற்கேற்பக் குறைகிறதா என்று பார்க்கலாம். இங்கே சராசரியை நம்பக் கூடாது. ஒரு நிமிடத்தில் 58 விநாடி ஒழுங்காக ஓடி, இரண்டு விநாடி உறைந்த வழங்கியின் சராசரித் துடிப்பு 19க்கு மேல் இருக்கும். ஏட்டில் அழகாகத் தெரியும். விளையாடுபவர் நினைவில் வைத்திருப்பது அந்த இரண்டு விநாடியைத்தான். அளக்க வேண்டியது மிக மோசமான துடிப்புகளை.

இத்தனை சிக்கலுக்குப் பதில் விலை கூடிய கணினி ஒன்றை வாங்கிவிடலாமே என்பது வழமையான மறுப்பு. அதிகக் கருக்கள் ('கோர்') கொண்ட கணினி, ஒரே இழையில் ஓடும் வேலைக்கு உதவாது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967இல் சுட்டிக்காட்டிய வரம்பு இது: வேலையில் 40 வீதம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க வேண்டுமென்றால், ஆயிரம் கருக்கள் இருந்தாலும் இரண்டரை மடங்குக்கு மேல் வேகம் கூடாது. அப்படியானால் உலகத்தையே பிரித்துப் பல இழைகளிடம் கொடுத்துவிடலாமே என்றால், அதையும் முயன்றிருக்கிறார்கள். பேப்பர் குழு 2023இல் வெளியிட்ட 'போலியா' என்ற மென்பொருள், அருகருகே விழித்திருக்கும் துண்டங்களை வட்டாரங்களாகக் கூட்டி ஒவ்வொன்றுக்கும் தனித் துடிப்பு கொடுக்கிறது. வீரர்கள் பரந்து சிதறி வாழும் பெரிய வழங்கிகளுக்கு அது பொருந்தும். எல்லோரும் ஒரே சந்தையில் கூடினால் எல்லோரும் ஒரே வட்டாரம்தான். பழைய நெரிசல் திரும்பிவிடும். தவிர, ஒரே முதன்மை இழை இருப்பதாக நம்பி எழுதப்பட்ட செருகுநிரல்களைத் திருத்தாமல் அதில் ஓட்ட முடியாது. வேகமான கணினி வேண்டாம் என்பதல்ல என் வாதம். காத்திருப்பின் ஒழுங்கைச் சரிசெய்யாத இடத்தில் அதற்குக் கொடுக்கும் பணம் காத்திருக்கவே செலவாகும்.

இது பிள்ளைகளின் விளையாட்டோடு நிற்கும் விடயமும் இல்லை. கைபேசியில் கண்டி நகர வரைபடத்தை விரலால் இழுக்கும்போது வெறும் சதுரங்கள் தோன்றிப் பிறகு தெருக்களால் நிரம்புவதும் இதே துண்டமேற்றம்தான். வரைபடம் சதுரங்களாக வெட்டப்பட்டு, கேட்கும் இடத்துக்கு மட்டும் அனுப்பப்படுகிறது. சதுரம் வரும்வரை திரை உறையாமல் விரலோடு நகர்கிறது. கணினி பயிலும் மாணவர்களுக்கு இதைவிடச் சுவையான ஆய்வுக்கூடம் எளிதில் கிடைக்காது. அளக்கும் கருவிகள் இலவசம், பேப்பரின் மூலநிரல் திறந்து கிடக்கிறது, பிழை செய்தால் இழப்பது கற்பனை வைரங்களை மட்டுமே.

நண்பர்களுக்காக வழங்கி நடத்தும் கண்டி இளைஞர்கள் கூடிய விலைத் திட்டத்துக்கு மாறுமுன் மூன்று காரியங்களைச் செய்து பார்க்கட்டும். உறையும்போது யார் யார் உறைகிறார்கள் என்று கேட்டுக் குறியுங்கள். முதன்மை இழை எதற்காக நிற்கிறது என்று அளந்து பாருங்கள். உலகத்துக்கு ஓர் எல்லை வைத்து, அதற்குள் இருக்கும் நிலத்தை யாரும் விளையாடாத இரவில் முன்கூட்டியே படைத்து வையுங்கள். 10 கிலோமீற்றருக்கு 10 கிலோமீற்றர் என்றால் 390,625 துண்டங்கள். விநாடிக்கு 50 வீதம் படைத்தாலும் இரண்டு மணி நேரம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகும் உறைந்தால் இணைப்பைக் குறை சொல்லுங்கள்.